இதோ வந்துட்டேன்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடும்போது வேறு எந்தச் சத்தமும் காதில் ஏறாது. சக்கரம் சுழலும், அதன்மேல் தண்ணீர் பீய்ச்சும், உறுமிக்கொண்டே லென்ஸ் ஃப்ரேமின் வடிவத்துக்குக் குறுகும். அன்று மதியம் முன்கடையில் ஆள் இல்லையென்று வாலு தன் குட்டி ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்திருந்தாள். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துகளை வாசிக்கச் சொல்வது அவள் வேலை. வாயும் ஓயாது, கையும் ஓயாது என்பதால் கடையில் எல்லாரும் வைத்த பெயர் வாலு. பின்னறையிலேயே வருடக்கணக்காகத் தேய்த்துக்கொண்டிருக்கும் இவளுக்கு லென்ஸக்கா என்று பெயர் வைத்தது வாலு.

ஸ்பீக்கரில் பாட்டு என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று ஓடியது. பாடுகிறவர் யாரும் இல்லை. மாடிவீட்டில் யாரோ பீரோவை இழுத்து இழுத்து வைப்பதுபோல ஒரு தாளம். அதன்மேல் பியானோவில் ஒரு துண்டு, தொடங்கின இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நின்றது. எல்லாவற்றுக்கும் அடியில் தூறல்போலத் தூசியின் சத்தம். லென்ஸக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. சக்கரத்தை நிறுத்தி, ஈர லென்ஸைத் துடைத்து, ஃப்ரேமில் உட்காருகிறதா என்று பார்க்கக் கையில் எடுத்தாள். இயந்திரம் அடங்கின அந்த இடைவெளியில் கேட்டது.

"இதோ வந்துட்டேன்."

சின்னப் பெண்ணின் குரல். நடுவில் மேலே ஏறி, கடைசியில் படியில் துள்ளி இறங்குவதுபோல இறங்கியது. தாளம் ஒரு சுற்று சுற்றி வந்தது. மறுபடியும், "இதோ வந்துட்டேன்."

லென்ஸ் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, மேசைக்கடியில் உருண்டுபோனது. அவள் குனியவில்லை.

"நிறுத்துடி அதை" என்றாள். வாலு பதறி நிறுத்தினாள். "இல்ல, நிறுத்தாத. திரும்பப் போடு. அந்தக் குரல் வர இடத்துல போடு."

"இதுவா? நல்லா இருக்குல்லக்கா? எனக்கும் முதல்ல கேட்டப்போ உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. உங்களுக்கு இதெல்லாம் பிடிக்கும்னு நான் கனவுலகூட நினைக்கலை." வாலுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேட்காமலே விளக்கம் வந்தது. ஹிப்-ஹாப்தான், ஆனால் அதில் வாய் வலிக்கப் பேசுகிறவர்கள் இல்லாத வகை. பழைய இசைத்தட்டுகளை வாங்கி, எங்கோ இருக்கும் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, கீழே தாளத்தைப் போட்டு, வீட்டுக்குள்ளேயே செய்வது. அந்தக் காலத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கேசட்டில் பதிந்து நண்பர்களுக்குக் கொடுத்ததோடு முடிந்தது. இப்போது யாரோ ஒருவர் மெனக்கெட்டு, பழைய சாமான் கடைகளில் கிடந்த கேசட்டுகளையெல்லாம் துழாவி, நல்லதாகப் பொறுக்கி ஒரு தொகுப்பாகப் போட்டிருக்கிறார். "இந்தக் குரல் இருக்கறது மட்டும் யார் பண்ணினதுன்னே தெரியலையாம். அட்டையில 'செய்தவர் தெரியவில்லை'ன்னு போட்டிருக்கு. அதுதான்க்கா கெத்து."

லென்ஸக்கா கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

அவள் மகள் பட்டாணி அப்படித்தான் சொல்வாள். எங்கே இருந்தாலும், கட்டிலுக்கடியில், எதிர்வீட்டில், கதவுக்குப் பின்னால், "பட்டாணி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அந்த ஏற்றமும் இறக்கமும் மாறாமல் பதில் வரும். ஆள் வருவாளா என்றால் வரமாட்டாள். பதில் மட்டும் ஓடி வரும். நாலு தடவை கூப்பிட்டால் நாலு தடவையும் அதே மாதிரி. "வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்றியே, எங்கடி வந்தே?" என்று இவள் கரண்டியோடு தேடிப் போவாள். பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் மூளைக்காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் தாங்கவில்லை. இருந்திருந்தால் இப்போது வாலுவைவிடப் பெரியவள். கையிருப்பில் சில போட்டோக்கள் உண்டு. ஒன்றில் முகம் கலங்கியிருக்கும், அசைந்துவிட்டாள். குரலை யார் பிடித்து வைத்தார்கள்? பிடித்து வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

அன்று மாலையே வாலுவிடம் சொல்லித் தொகுப்பு முழுவதையும் போனில் ஏற்றிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, காதில் மாட்டிக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் நேராக அதற்குப் போக ஒரு பயம். முதலிலிருந்து வரவிட்டாள். வழியில் வந்ததெல்லாம் காதில் விழுந்தது. ஒன்றில் யாரோ பாடப்போகிறவர் மூச்சை இழுக்கிறார். பாட்டை வெட்டி எறிந்துவிட்டு அந்த மூச்சை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்றில் வயலின்கள் எழும்பி, உச்சத்துக்குப் போவதற்கு ஒரு விரற்கடை முன்னால் அறுந்து, மறுபடி எழும்பின. கைதட்டல் ஒன்று தொடங்கும். யாருக்கு என்று தெரியாது. எல்லாம் எங்கோ, எப்போதோ, யாரோ வேறு எதற்காகவோ செய்தது. செய்தவர்களில் பாதிப்பேர் இன்று இருக்கமாட்டார்கள். அவர்களுடைய ஒரு கணத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, போகவிடமாட்டேன் என்று அடம்பிடிப்பதுபோல இருந்தது அந்த இசை. இதற்கா இத்தனை நாள் டம் டம் என்று பெயர் வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

டம் டம் என்று பெயர் வைத்தது அவள்தான். கல்யாணமான புதிதில் அவள் கணவனுக்கு அந்தக் கிறுக்கு இருந்தது. லிஃப்ட் மெக்கானிக். அப்போது மாலை ஷிஃப்ட். பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து, கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கின, சத்தத்தைப் பிடித்துத் திருப்பி ஒலிக்கும் ஒரு பெட்டியில் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருப்பான். பழைய தட்டுகளை அறுத்து ஒட்டுகிறவன் என்று கூட்டாளிகள் அவனைக் கத்திரி என்று கூப்பிட்டார்கள். அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் அதை அணைத்துவிட்டு, குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவான். "காலையிலிருந்து கடையில மெஷின் சத்தம், வீட்டுக்கு வந்தா இந்த டம் டம்மா" என்று எப்போதோ அவள் சொன்னது. பட்டாணி போன பிறகு பெட்டியையும் தட்டுகளையும் கூட்டாளி ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. பட்டாணியைப் பற்றிய பேச்சும் அப்படியே நின்றுபோனது. அழுதுகொண்டே எத்தனை நாள் பேசமுடியும்? பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆக, இதைச் செய்தவன் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையின் குரலைப் பிடித்து வைத்திருந்தும் இத்தனை வருடம் தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் ஆறவில்லை.

ஆனாலும் உடனே கேட்டுவிடவில்லை. சில நாட்கள் அந்தக் குரலைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். அது அவளைச் சும்மா விடவில்லை. பின்னறையில் சக்கரம் நிற்கும்போதெல்லாம், அடுத்த நொடி வரப்போகிறது என்று உடம்பு காத்திருந்தது. குழாயடியில் பாத்திரம் தேய்க்கையில் வாசல்பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒருநாள் பஸ்ஸில் பின்சீட்டில் ஏதோ ஒரு குழந்தை அம்மாவிடம் எதையோ சொல்ல, இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சமையலறை வாசலில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தான். அவள் போனை அவன் பக்கத்தில் தரையில் வைத்து ஓடவிட்டாள். தாளம் தொடங்கியதுமே ஸ்க்ரூடிரைவர் நின்றுவிட்டது. பியானோ வந்தபோது நிமிர்ந்து அவளைப் பார்த்தான். குரல் வருவதற்கு முன்னால் அவன் உதடு லேசாக அசைந்தது, எங்கே வரும் என்று மனப்பாடமாக அறிந்தவன்போல.

"இதோ வந்துட்டேன்."

"இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

"அதை விடுங்க. நீங்க ஏன் என்கிட்ட சொல்லலை?"

"என்னத்த?"

"அவ குரலை வெச்சிருந்ததை. பெத்தவளுக்குக் கேக்கணும்னு இருக்காதா? ஊர்ல இருக்கறவனெல்லாம் கேக்கறான், நான் ஒருத்திதான் கேக்கக்கூடாதா?"

அவன் போனை எடுத்து நிறுத்தினான். கையிலிருந்த கிரீஸ் அதன்மேல் பட்டது. வேட்டியில் துடைத்தான், இன்னும் பரவியது. "இது அவ இல்லம்மா" என்றான்.

"எனக்குத் தெரியாதா என் பொண்ணு குரல்?"

"இது நான் பண்ணினப்போ அவ பொறக்கவே இல்ல."

அவள் சிரித்தாள். கோபம் முற்றினால் வரும் சிரிப்பு. அவன் அசையாமல் அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு மிக்ஸியின் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். ஏதோ ஒரு பாடகியின் தட்டு. தெருவோரக் கடையில் குவியலில் கிடந்தது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால், யாரோ அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும், அவள் பதில் சொல்கிறாள். வெட்டாமல் விட்டுவிட்டார்கள். "நம்ம பெட்டியில கொஞ்ச நொடிதான் பிடிக்கும். இடம் பத்தாது. அதனால தட்டை வேகமா ஓட்டிப் பிடிப்போம், அப்பதான் உள்ள அடங்கும். அப்புறம் பெட்டியில வேகத்தைக் குறைச்சுக்கணும். இதை மட்டும் நான் குறைக்கலை."

"ஏன்?"

"வேகமா ஓட்டினப்போ குழந்தை மாதிரி இருந்துச்சு." ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்தான். "அப்போ நமக்கு வருஷம் போய்க்கிட்டே இருந்துச்சு. உங்க அக்கா வேற வாரத்துக்கு ஒரு டாக்டர் பேரு சொல்லிட்டு இருந்தாங்க. ஞாபகம் இருக்கா? இதைப் பண்ணி முடிச்சுட்டுத் தனியா உக்காந்து கேப்பேன். அதுக்கப்புறம்தான் அவ வந்தா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவள் போய் அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அப்போ எப்படி அதே மாதிரி சொன்னா?" என்று கேட்டாள், சுவரைப் பார்த்து.

"பகல்ல நான்தானே பாத்துக்கிட்டேன். என்ன பண்ணினாலும் தூங்கமாட்டா. இதைப் போட்டா மட்டும் கண்ணு சொக்கிடும். பேச்சு வரதுக்கு முன்னாடியிருந்தே கேட்டவ. நடக்க ஆரம்பிச்சப்புறம் இதுகூடவே சேர்ந்து சொல்லுவா. அப்புறம் இது இல்லாமலே சொன்னா."

இதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. இத்தனை வருடம் தன்னிடம் மிச்சமிருந்ததில் கெட்டியானது அந்த ஒரு பதில்தான். முகம்கூடச் சில நாட்களில் போட்டோவில் இருக்கும் முகமாகத்தான் நினைவுக்கு வரும். குரல் மட்டும் அப்படியே இருந்தது. அதையும் யாரோ ஒரு பாடகி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பார்த்தறியாத அந்தப் பெண்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. கணவன்மேலும் வந்தது. "நீங்க இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

"இத்தனை நாளும் அதைத்தானே பண்ணினேன்" என்றான் அவன்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் தேவைக்குமட்டும் பேச்சு நடந்தது. சாவி எங்கே, கேஸ் சொல்லியாச்சா, அவ்வளவுதான். அவள் தொகுப்பைக் கேட்பதை மட்டும் விடவில்லை. அந்த ஒன்றைத் தாண்டிவிட்டு மற்றதையெல்லாம் கேட்டாள். ஒவ்வொன்றிலும் இப்போது வேறொன்று கேட்டது. இந்த மூச்சை இழுத்தவள் யார், அவள் வீட்டில் யாராவது இதைக் கேட்டால் தூக்கிவாரிப் போடுமா, இந்தக் கைதட்டலில் யாருடைய அப்பாவின் கை இருக்கிறது. காது அங்கேயே போய் நின்றது.

"அக்கா, உங்க குரலுக்காக நெட்ல அடிதடியே நடக்குது" என்றாள் வாலு ஒருநாள், லென்ஸ் தட்டோடு வந்து. உங்க குரல் என்றே அவளுக்குப் பழகிவிட்டது. "அது எந்தத் தட்டுலயிருந்து எடுத்ததுன்னு உலகம் பூரா தேடறாங்க. ஒருத்தராலயும் முடியல. சிலபேரு அது தட்டே இல்ல, பண்ணினவரோட சொந்தக் குழந்தைன்னு சொல்றாங்க. இன்னும் சிலபேரு பேய்ங்கறாங்க. அவங்களுக்கு வேற வேலை இல்ல."

"நீ என்னன்னு நினைக்கறே?"

"நான் குழந்தைன்னுதான் நினைக்கறேன். எவ்ளோ ஆசையா வருது பாருங்க, அந்தப் பதில்."

லென்ஸக்கா ஒரு லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கீறல் இல்லை. "உன்கிட்ட தட்டு ஓட்டற மெஷின் இருக்குன்னியே, நாலு நாளைக்குத் தருவியா?"

வாலு வாயைத் திறந்தாள். கேள்வி வந்து நுனிநாக்கில் நின்றது தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அபூர்வமாக, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டாள். "ஊசியை மட்டும் பாத்துக்கங்கக்கா, தொட்டா கோவிச்சுக்கும்" என்றாள்.

சனிக்கிழமை மதியம் மெஷினைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தாள். கணவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தான். யாருடையது, எதற்கு என்று கேட்கவில்லை. படுக்கையறைக்குப் போனான். கட்டிலுக்கடியிலிருந்து பழைய டூல்ஸ் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டு இருந்தது. உறை இல்லை, செய்தித்தாளில் சுற்றியிருந்தது.

"எல்லாத்தையும் கொடுத்துட்டீங்க, இதை மட்டும் வெச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"இதைக் கொடுக்க மனசு வரல."

"எடுத்துக் கேப்பீங்களா?"

"எதுல கேக்கறது?" என்றான். "சும்மா இருந்துச்சு."

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதம் முழுக்கக் கருப்பு மை. எங்கிருந்து எடுத்தான் என்று மற்றக் கூட்டாளிகளுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படிப் பூசி மறைப்பார்களாம். பாடகியின் பெயர் என்ன என்று கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்தான். பூசும்போது தெரியும், இப்போது ஞாபகம் இல்லை என்றான். அவளுக்கு ஏனோ அது ஆறுதலாக இருந்தது, பிறகு அந்தப் பெண்ணுக்காகச் சங்கடமாகவும் இருந்தது.

அவன் வேகத்தைக் கூட்டி வைத்து ஊசியை இறக்கினான். தூறல் சத்தம். தாளம் இல்லை, பியானோ இல்லை. தொலைவில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு பட்டாணி சொன்னாள்: "இதோ வந்துட்டேன்." அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் ஊசியைத் தூக்கிவிட்டான்.

"போதுமா?"

"அதோட உண்மையான வேகத்துல போடுங்க."

"வேணாம். அது வேற மாதிரி இருக்கும்."

"போடுங்க. அவ யாருன்னு நான் தெரிஞ்சுக்கணும்."

அவன் பொத்தானைத் திருப்பினான். தட்டு தயங்கினதுபோல வேகம் குறைந்து, ஒரு நிதானத்துக்கு வந்தது. ஊசி இறங்கியது. நாற்காலி இப்போது கனமாக, நேரமெடுத்து நகர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு பெண் பேசினாள். சின்னப் பெண் இல்லை. முப்பதைத் தாண்டின, வேலை முடிந்து களைத்த, கொஞ்சம் அடித்தொண்டையில் வரும் குரல். ஆனால் அதே இடத்தில் ஏறியது. அதே இடத்தில், ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல் இறங்கியது.

"இதோ வந்துட்டேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பாட்டு தொடங்கியது, இசைக்கருவிகள் கூடி, அந்தப் பெண் ஏதோ ஒரு சாதாரணக் காதல் பாட்டைப் பாடினாள். இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை. மேசையின் அந்தப் பக்கம் அவன் கண்களை மூடியிருந்தான், விரல்கள் மட்டும் எதையோ கணக்குப் பண்ணுவதுபோல அசைந்தன. அவன் என்ன கணக்கு பண்ணுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது இருந்திருந்தால், இந்த வயது, இந்தக் குரல்.

"அவளா இருந்தா இப்படித்தான் இருக்கும், இல்ல?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். பாட்டு முடியக் காத்திராமல் ஊசியைத் தூக்கி, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, தட்டின் விளிம்புக்குமேல் பிடித்தான். இறக்கவில்லை. அவளைப் பார்த்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே தெருவில் யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள், எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் காய்ந்தன, வெயில் கூடத்தின் பாதிவரை வந்து கிடந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டிருந்தது; வாய்க்கே புதிதாக இருந்தது. உள்ளறைப் பக்கம் திரும்பி, சாப்பாடு ஆறிப்போகிறது என்கிற பாவனையில், கொஞ்சம் அதட்டலாகக் கூப்பிட்டாள்.

"பட்டாணி!"

ஊசி தட்டைத் தொட்டது. தூசி சடசடக்க ஆரம்பித்தது.